ஆறு மணி விளக்கு

2024 பெப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. அன்று பின்னேரம் மெல்பேர்ணில் அடித்த புயல் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஜீலோங்குக்கு அருகே அனாக்கிப் பகுதியில் உயர் மின்னழுத்தக் கோபுரங்கள் ஆறு சரிந்தன. விக்டோரியாவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கரண்ட் போனது. அதில் எங்கள் வீடும் ஒன்று.

முதல் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. இரண்டாவது மணித்தியாலம் ஐபாட்டின் சார்ஜ் இறங்கத் தொடங்கியது. ஆறு வயது மகன், "அப்பா, வைஃபை எப்ப வரும்?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொன்னதை அவனால் நம்பவே முடியவில்லை. பத்து வயது மகள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள். நானும் ஒன்றும் திறமில்லை. போனில் மின் நிறுவனத்தின் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணி ஆனது. பெப்ரவரி மாதத்தில் மெல்பேர்ணில் ஆறு மணிக்கு நல்ல வெளிச்சம் இருக்கும். அம்மா தன் அறையிலிருந்து வந்து கேட்டா:

"தம்பி, நெருப்புப்பெட்டி எங்கை வைச்சிருக்கிறாய்?"

"ஏன் அம்மா? இன்னும் இருட்டேல்லையே."

"இருட்டுக்கில்லை. நேரம் வந்திட்டுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சாமி அறையில் இருப்பது எல்.ஈ.டி. விளக்கு. அதை ஒரு ஸ்மார்ட் பிளக்கில் செருகி, தினமும் மாலை ஆறு மணிக்குத் தானாகப் பற்றவும், எட்டு மணிக்குத் தானாக அணையவும் நான்தான் செட் பண்ணி வைத்திருந்தேன். வேலையால் வரப் பிந்தினாலும் வீட்டில் விளக்கு எரியும். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது ஒரு சின்னப் பெருமை. வந்த நண்பர்களுக்கும் காட்டியிருக்கிறேன்.

அன்று ஆறு மணிக்கு அது பற்றவில்லை. வீட்டில் நெருப்புப்பெட்டியும் இல்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரிடம் பார்பிக்யூ லைட்டர் வாங்கி வந்து, அலுமாரிக்குள் கிடந்த பழைய குத்துவிளக்கை எடுத்துக் கொடுத்தேன். அம்மா திரி திரித்து, சமையல் எண்ணெய் விட்டு, கொளுத்தினா. பிள்ளைகள் இரண்டும் வாய் பேசாமல் நின்று பார்த்தார்கள். தங்கள் வீட்டில் ஒருவர் கையால் விளக்கேற்றுவதை அவர்கள் பார்த்தது மிகக் குறைவு.

அந்த இரவு முழுக்க நான் யோசித்தது அந்த விளக்கைப் பற்றித்தான். ஏனென்றால், அது எங்கள் குடும்பத்துக்குப் புது விஷயம் இல்லை.

ஜாம் போத்தல் வெளிச்சம்

நான் பிறந்தது கொக்குவிலில். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. 1990இல் போர் திரும்பத் தொடங்கியபின் மின்சாரம் நின்றது. அதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், பற்றரி, சவுக்காரம், மெழுகுதிரி, உரம், சீமெந்து என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீளமானது. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் விலை தாங்காது.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ச்சனம் கண்டுபிடித்த ஒரு சாமான் ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு திரி. போத்தலே காற்றுக்கு மறைப்பு. சாதாரணக் குப்பி விளக்கு குடிக்கிற எண்ணெயில் கொஞ்சம்தான் இது குடிக்கும். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில்தான் படித்துச் சோதினை எழுதினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டதும் அந்தக் காலத்தில்தான். எங்கள் வீட்டில் பெடல் சுற்றுகிற வேலை அப்பாவுக்கு. பிபிசி தமிழோசை முடியுமட்டும் சுற்றுவார்.

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு போத்தல் விளக்குத்தான். அதற்கு அம்மம்மா ஒரு சட்டம் வைத்திருந்தா. பின்னேரம் ஆறு மணிக்குக் கொளுத்தியதும் அது முதலில் சாமிப் படத்துக்கு முன்னால் போகவேணும். அங்கே இரண்டு மூன்று நிமிடம். அதன் பிறகுதான் படிக்கிற மேசைக்கு வரும்.

எனக்கு அது பிடிக்காது. "அம்மம்மா, எண்ணெய் வீணாப் போகுது. எனக்குக் கணக்குச் செய்ய வேணும்" என்று சண்டை பிடிப்பேன். ஏழெட்டு வயதில் எனக்கு எண்ணெயின் விலை தெரியும். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"ரெண்டு நிமிசம்தான் ராசா. ரெண்டு நிமிசத்தில உன்ரை கணக்கு ஓடிப்போகாது" என்பா. வேறு விளக்கம் ஒன்றும் சொன்னதில்லை.

எண்ணெய் அறவே இல்லாத நாட்களும் வந்தன. மழைக்கு நெருப்புப்பெட்டி நமுத்துப்போன நாட்கள் வந்தன. அம்மம்மாவுக்கே காய்ச்சல் வந்து படுத்த நாட்கள் வந்தன. ஹெலிகொப்டர் சுற்றுகிறது, விளக்கை அணை என்று கத்துகிற நாட்களும் வந்தன. அப்போதும் ஏதோ ஒரு விதமாக அந்த இரண்டு நிமிடத்தை அவ விடவில்லை. அணைத்த விளக்கின் முன்னால் இருட்டில் நின்றிருக்கிறா.

சின்னப் பிள்ளையாக அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். அது ஒரு பயிற்சி என்பது விளங்க எனக்கு முப்பது வருஷம் ஆனது.

நாவற்குழிப் பாலத்தில் ஓர் இரவு

1995 ஒக்ரோபர் 30. அன்று பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் தெருத் தெருவாக வந்தன. இராணுவம் நெருங்கிவிட்டது, எல்லோரும் வலிகாமத்தை விட்டு வெளியேறி உடனே தென்மராட்சிக்குப் போகவேணும் என்று அறிவித்தார்கள். அந்த ஓர் இரவிலும் அடுத்து வந்த நாளிலும் ஏறத்தாழ நான்கைந்து லட்சம் சனம் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் நடந்தது. உங்கள் பெற்றோரில் யாராவது அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால், அவர்களும் அந்த வீதியில் நின்றிருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். அனேகமானோர் தாங்களாகச் சொல்லமாட்டார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கொட்டுகிற மழை. அப்பா சைக்கிளை உருட்டினார். அதில் ஒரு அரிசி மூட்டையும் உடுப்புப் பையும் தங்கச்சியும். ஒரு அடி வைக்கப் பத்து நிமிடம் நிற்கவேணும். கொஞ்சத் தூரத்தைக் கடக்க ஓர் இரவு முழுக்க எடுத்தது. தாகத்துக்குச் சனம் குடையை மறுபக்கமாகக் கவிழ்த்துப் பிடித்து மழைத்தண்ணி குடித்தது. வயதானவர்கள் சிலர் வீதியோரத்தில் இருந்தபடியே செத்துப்போனார்கள். அப்பா என் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானத்துக்குப் பிறகு சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எங்களுக்கு ஒரு மூலை கிடைத்தது. ஐந்து குடும்பங்களுக்கு ஒரு வகுப்பறை. பெரியவர்கள் ஒருவரும் கதைக்கவில்லை. அம்மா சுவரில் சாய்ந்தபடி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தா. அப்படி அம்மாவை நான் அதுவரை கண்டதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நடந்த தூரம் பயமாக இருக்கவில்லை.

பொழுது சாயும் நேரம் அம்மம்மா எழும்பினா. நனைந்த சேலையைப் பிழிந்து சரி செய்துகொண்டு, எங்களைக் கூப்பிட்டா. "வாங்கோ பிள்ளையள், நேரம் வந்திட்டுது."

விளக்கு இல்லை. சாமிப் படமும் இல்லை. கரும்பலகைதான் இருந்தது. அதைப் பார்த்துக் கும்பிட்டா. நாங்களும் கும்பிட்டோம். மற்றக் குடும்பங்களிலிருந்து இரண்டு மூன்று பேர் எழும்பி வந்து நின்றார்கள். மூலையில் இருந்த கத்தோலிக்கக் குடும்பம் தங்கள் செபமாலையை எடுத்தது. ஒரு ஐந்து நிமிடம் அந்த வகுப்பறை ஒரு வீடு மாதிரி இருந்தது. அதன் பிறகு அம்மாவும் எழும்பி அடுப்பு மூட்டக் கல்லுத் தேடப் போனா.

எங்கள் பிரச்சினை ஒன்றும் தீரவில்லை. ஆனால் அம்மம்மாவுக்கு அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. நம்பிக்கையை அன்று புதிதாகத் தேடிப் பிடிக்கவேண்டிய தேவை அவவுக்கு இருக்கவில்லை. எண்ணெய் இல்லாத நாட்களிலும் காய்ச்சல் நாட்களிலும் இருட்டில் நின்று அவ பழகியிருந்தது அந்த வகுப்பறையில் கைகொடுத்தது.

எல்லோருக்கும் அப்படியா?

இல்லை. கஷ்டம் வந்தால் நம்பிக்கை வளரும் என்று மேடையில் சொல்வது சுலபம். எங்கள் வீட்டிலேயே அது பொய்த்தது.

இடம்பெயர்வுக்கு ஏறத்தாழ நான்கு மாதம் முன்பு, 1995 யூலை 9ஆம் திகதி, நவாலியில் புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொக்குவிலிலிருந்து நவாலி சைக்கிளில் போகிற தூரம். அப்பா உதவிக்குப் போனார். திரும்பி வந்து சேட்டைக் கழுவினார். அதன்பின் கும்பிடுவதை விட்டுவிட்டார். "கோயிலுக்குள்ள இருந்த சனத்தையே காப்பாத்தாத ஆளிட்டை நான் என்னத்தைக் கேக்கிறது?" என்று ஒருமுறை சொன்னார். அம்மம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தது என்று நானும் நினைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேணும். நாங்கள் வெளியேறிய அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, ஐந்து வருஷம் முன்பு, 1990இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களைச் சில மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை விட்டு அவர்கள் வெறுங்கையோடு போனார்கள். அன்று எங்கள் தெருக்கள் பெரும்பாலும் மௌனமாக இருந்தன. கஷ்டம் தன்பாட்டில் ஒருவரையும் நல்லவராக்காது, நம்பிக்கையுள்ளவராகவும் ஆக்காது. அதே தடை, அதே இருட்டு, அதே குண்டு. ஒருவர் கும்பிடத் தொடர்ந்தார், ஒருவர் விட்டார். ஒருவர் அயலவனுக்குக் கதவைத் திறந்தார், ஒருவர் சாத்தினார்.

வித்தியாசம் எங்கே என்றால், சின்ன நாட்களில் எதைப் பழகினோம் என்பதில் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்பா கும்பிடுவதை விட்டாரே தவிர, பழகிய ஒன்றை விடவில்லை. தினமும் பின்னேரம் அம்மம்மாவுக்காகத் திரி வெட்டிக் கொடுப்பார். எண்ணெயை அளந்து விடுவார். அதைக் கடைசி வரைக்கும் செய்தார். இது ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

டண்டினோங்கில் ஸ்மோக் அலாரம்

1999இல் நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்தோம். அம்மம்மா வரவில்லை. கொக்குவிலிலேயே இருந்து, அங்கேயே காலமானா. டண்டினோங்கில் இரண்டு அறை வாடகை வீடு. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. குளிர்காலத்தில் விடிய ஐந்து மணிக்கு ரெயில்.

அந்த வீட்டில் முதல் நாள் அம்மா கற்பூரம் கொளுத்தியபோது ஸ்மோக் அலாரம் அடித்தது. வீட்டு ஏஜென்ட் கடிதம் போட்டார். அதன் பிறகு அம்மா சாமிப் படத்தைக் குசினிக்குள் கொண்டுபோய், அடுப்புக்கு மேலுள்ள புகை உறிஞ்சும் ஃபானைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே விளக்கு வைத்தா. ஃபான் சத்தத்தில் தேவாரம் கேட்காது. வேலை முடிந்து வந்த சோர்வில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்துவிட்டு, ஆறு மணிக்கு எழும்பிப் போய்க் கொளுத்துவா. அப்பா திரி வெட்டிக் கொடுப்பார். வெள்ளிக்கிழமைகளில் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயத்துக்கு அம்மாவைக் காரில் கொண்டுபோவார். தான் உள்ளே போகமாட்டார். காருக்குள் இருந்து ரேடியோ கேட்பார்.

எனக்கு அந்த நேரம் பள்ளிக்கூடம், பிறகு கம்பஸ், பிறகு மாஸ்டர்ஸ், பிறகு வேலை. வீடு வாங்கினேன். சாமி அறை கட்டினேன். ஸ்மார்ட் பிளக் வாங்கினேன்.

பிறகு 2020 வந்தது. மெல்பேர்ணில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஓகஸ்ட் 2ஆம் திகதி முதல் இரவு எட்டு மணியிலிருந்து காலை ஐந்து மணிவரை ஊரடங்கு. ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் போகமுடியாது. கோயில்கள் பூட்டு. யாழ்ப்பாணத்து ஊரடங்கைக் கண்ட எங்கள் பெற்றோர், திரும்பவும் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் கேட்டார்கள். இரண்டு வருஷத்தில் ஆறு லொக்டவுன், மொத்தம் 262 நாட்கள்.

அந்த ஓகஸ்டில் அப்பாவின் இருதயம் தளர்ந்து போனது. ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களை விடவில்லை. ஒரு நேர்ஸ் பிள்ளை பின்னேரங்களில் தன் வேலைக்கு நடுவில் போனைப் பிடித்து வீடியோவில் காட்டுவா. அந்தப் பிள்ளைக்கு நாங்கள் இன்றைக்கும் கடன்பட்டவர்கள்.

நான் இடிந்துபோனேன். நித்திரை இல்லை. யாருக்கு எழுதினால் உள்ளே விடுவார்கள் என்று இரவு முழுக்கத் தேடுவேன். சாமி அறைக்குப் போய் நின்றால் எனக்கு ஒன்றும் வராது. விளக்கு தன்பாட்டில் ஆறு மணிக்குப் பற்றி எட்டு மணிக்கு அணையும். அதற்கு முன்னால் நிற்கப் பழகாதவன், அந்த மாதம் போய் நின்றால் என்ன வரும்?

அம்மா வேறு மாதிரி இருந்தா. அழுதா. ஆனால் ஆறு மணிக்குத் தன் அறையில் ஒரு கிண்ணத்தில் திரி போட்டுக் கொளுத்துவா. நேர்ஸ் பிள்ளை போன் எடுக்கிற நேரமும் அனேகமாக அதுதான். அப்பா ஒக்சிசன் குழாயோடு கிடப்பார். கதைக்கக் கஷ்டம். ஒரு நாள், இரண்டாம் நாள் என்று ஒவ்வொரு பின்னேரமும் அவர் கேட்டது ஒரே கேள்வி:

"விளக்குக் கொளுத்தியாச்சோ?"

இருபத்தைந்து வருஷம் கும்பிடாத மனுஷன். அம்மா போனைத் திருப்பி விளக்கைக் காட்டுவா. அப்பா கொஞ்ச நேரம் பார்ப்பார். கும்பிடமாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார். கடைசி நாள் ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். அம்மா போனா.

செத்தவீட்டுக்குப் பத்துப் பேர்தான் வரலாம் என்பது அன்றைய சட்டம். அந்தப் பத்துப் பெயரை எழுதியதுதான் என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகக் கொடுமையான பட்டியல். மற்றவர்கள் எல்லோரும் சூமில் நின்றார்கள். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, அம்மா குளித்துவிட்டு, என் அறை வாசலில் நின்றா. "தம்பி, நேரம் வந்திட்டுது."

பல மாதம் கழித்து அம்மாவிடம் கேட்டேன், அந்த நேரம் எப்படித் தாங்கினீங்கள் என்று. கடவுள் தந்த பலம் என்று சொல்லுவா என எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது தம்பி. ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு என்ன செய்யிறதெண்டு மட்டும் தெரிஞ்சுது. மிச்சத்தை அதுக்குப் பிறகு யோசிப்பம் எண்டு விட்டிட்டன்."

திலகவதியாரின் துடைப்பம்

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு அப்பர் கதை சொல்லிக் கொடுக்கிறோம். நீற்றறையில் பூட்டினார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், தப்பினார். பிள்ளைகளுக்குப் பிடித்த கட்டம் கல் மிதப்பதுதான்.

ஆனால் சேக்கிழாரின் பெரிய புராணத்தில் அந்தக் கதை தொடங்குவது அப்பரின் அக்கா திலகவதியாரில். அவருக்கு நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் இறந்தார். தாய் தகப்பனும் போய்விட்டார்கள். தானும் சாகத் துணிந்தவர், தம்பிக்காக உயிரோடு இருந்தார். அந்தத் தம்பியும் சமண சமயத்துக்குப் போனார். திலகவதியார் திருவதிகைக் கோயிலில் தினமும் விடியமுன் கூட்டி, மெழுகி, பூப் பறித்து மாலை கட்டினார். அவர் செய்தது அவ்வளவுதான். எத்தனை வருஷம் அப்படிக் கூட்டியிருப்பார்!

ஒரு நாள் தம்பி தாங்கமுடியாத வயிற்று வலியோடு இரவில் வந்து காலில் விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்து, விடியமுன் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். போகும்போது அவர் கையில் என்ன இருந்தது தெரியுமா? வழமையான துடைப்பமும், மெழுகுகிற சாணமும், தண்ணீர்த் தோண்டியும். வாழ்க்கையின் மிகப்பெரிய நாளிலும் அன்றாட வேலையை அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. இந்தக் கட்டத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேணும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கல் மிதப்பது எங்கள் கையில் இல்லை. துடைப்பம் எங்கள் கையில் இருக்கிறது.

பிள்ளைகளுக்குக் கஷ்டம் கொடுப்பதா?

இதை எல்லாம் வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்டாள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "அப்ப என்ன, பிள்ளையளுக்குக் கஷ்டம் உண்டாக்கிக் குடுக்கப் போறீங்களோ? உங்கடை அம்மா அப்பா இங்கை வந்ததே நீங்கள் கஷ்டப்படக் கூடாதெண்டுதானே?"

நியாயமான கேள்வி. என் துறையில் ஒரு முறை இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தில் கேயாஸ் மங்கி என்றொரு மென்பொருள் செய்தார்கள். 2012இல் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கிற தங்கள் சேர்வர்களை வேலை நேரத்தில் அது தானே எழுந்தமானமாக அணைக்கும். சின்னக் கோளாறு அடிக்கடி வந்தால், பெரிய கோளாறு வரும் நாளில் சமாளிக்கத் தெரிந்திருக்கும் என்பது கணக்கு. இயந்திரத்துக்கு அது சரி. பிள்ளைக்கு அப்படிச் செய்யக்கூடாது. தாய் தகப்பன் வேண்டுமென்றே கஷ்டம் கொடுத்தால், பிள்ளை பழகுவது நம்பிக்கை இல்லை, பயம்தான். எங்கள் மேல் போட்ட தடையும் ஒரு பயிற்சி இல்லை. அது அநியாயம். அதற்கு நன்றி சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் நாங்கள் கஷ்டத்தைப் புதிதாக உண்டாக்கவேண்டிய தேவையே இல்லை. தினமும் தானாக வருகிற சின்னச் சின்னக் கஷ்டங்களைப் பிள்ளைகளின் வழியிலிருந்து அள்ளி எறியாமல் விட்டால் போதும். கோயிலில் பசியோடு பூசை முடியுமட்டும் நிற்பது ஒரு சின்னக் கஷ்டம். நாங்கள் காருக்குள் சிப்ஸ் வைத்திருக்கிறோம். வருத்தமாக இருக்கிற பெரியம்மாவைப் போய்ப் பார்ப்பது பிள்ளைக்குச் சங்கடம். நாங்கள் "நீ வீட்டில நில்" என்கிறோம். கேட்டது கிடைக்கவில்லை என்றால் கடவுளோடு கோபிப்பதும் ஒரு கஷ்டம். அதற்கு இடம் கொடுக்காமல் உடனே நாங்களே வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். நான் செய்தது எல்லாவற்றையும்விட மோசம். விளக்கேற்றுகிற இரண்டு நிமிடத்தைக்கூட ஒரு பிளக்கிடம் கொடுத்துவிட்டேன்.

புயலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் நடக்கவில்லை. சின்ன மாற்றம்தான். ஸ்மார்ட் பிளக் இப்போது கராஜில் இருக்கிறது. விளக்கைக் கையால் ஏற்றுகிறோம். பிள்ளைகளுக்கு முறை வைத்திருக்கிறோம். கந்த சஷ்டி ஆறு நாளும் அம்மா விரதம் இருப்பா. பிள்ளைகள் விருப்பமான ஒரு சாப்பாட்டை மட்டும் ஆறு நாளைக்கு விடுவார்கள். மகன் போன வருஷம் நூடில்ஸை விட்டான், நான்காம் நாள் அழுதான், ஐந்தாம் நாள் அழவில்லை. அப்பப்பா ஏன் கும்பிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். மகள் நவாலியைப் பற்றிக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்றேன்.

நீங்கள் வேறு சமயமாக இருக்கலாம். உங்கள் வீட்டில் அது செபமாலையாக இருக்கலாம், தொழுகையாக இருக்கலாம். சமயமே இல்லாத வீட்டில் தினமும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற அரை மணித்தியாலமாகவும் இருக்கலாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அதை வசதியான நாளில் மட்டும் செய்யாதீர்கள். பஞ்சியான நாளிலும், சண்டை போட்ட நாளிலும், வேலையில் அடி வாங்கி வந்த நாளிலும் செய்யுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் ஒருநாள் ஒரு பாலம் வரும். அது போராக இருக்காது என்று கும்பிடுவோம். ஆனால் ஒரு ஆஸ்பத்திரி அறையாக இருக்கலாம், ஒரு வேலை போன கடிதமாக இருக்கலாம், நாங்கள் இல்லாத ஒரு நாளாகவும் இருக்கலாம். அன்று புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு நேரம் இருக்காது.

நேற்று மகனுடைய முறை. விளையாட்டை நிப்பாட்டிவிட்டு வர அவனுக்கு விருப்பமில்லை. "ரெண்டு நிமிசத்தில என்ன வந்திடப் போகுது?" என்று முணுமுணுத்தபடி வந்தான். மூன்று நெருப்புக்குச்சி வீணாக்கினான். நான்காவது பற்றியது. அம்மா பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தா.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வயதில் நான் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்.